ரவையா, அவலா?

“வானம் எப்பிடி இருக்குது?” என்று நைனா கேட்டார்.

“வெளுப்பா இருக்குது நைனா,” என்றேன்.

பொய். வானம் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஹாஸ்டல் அறையில் இரண்டு கம்பளிக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். ஜன்னல் திரையை விலக்கியே எட்டு நாளாகியிருந்தது. அங்கே பகல் பன்னிரண்டு மணி, செஞ்சியில் இரண்டரை. நைனா சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பி, சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து எனக்குப் போன் போடுகிற நேரம்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பஜாரில் ஒரு பஸ் ஹாரன் விடாமல் அடித்தது. அன்று அமாவாசையாக இருந்திருக்க வேண்டும். மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்கள் நுழைந்தால் எங்கள் பஜாரில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது.

ஹாரன் ஓய்ந்ததும் நைனா சொன்னார்: “நாளைக்கு ஆத்தங்கரையாண்ட போயி பாத்து சொல்லு. ஜன்னல்ல பாக்காத.”

போனை வைத்துவிட்டார். கோபமா, வருத்தமா என்று குரலில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. படிப்பை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுவது என்று நான் முடிவு செய்து மூன்று நாளாகியிருந்தது. அதை நைனாவிடம் சொல்லத்தான் தினமும் அந்தப் போனை எடுத்தேன். அவரோ தினமும் வானத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அது ஆற்காடு இல்லை

போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, மருத்துவம் படிக்க எந்த ஊருக்குப் போனேன் என்று சொல்லவே இல்லையே என்று சிலர் கேட்டிருந்தார்கள். வேண்டுமென்றே தள்ளிப்போட்டேன். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் ஒரு கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊரின் பெயர் ஆர்க்காங்கெல்ஸ்க். ரஷ்யாவின் வட கோடியில், த்வினா என்கிற ஆறு கடலில் சேர்கிற இடத்தில் இருக்கும் துறைமுகம். மரம் அறுக்கிற ஊர். கோடையில் காற்று திரும்பினால் தெருவெல்லாம் பச்சை மரத்தூள் வாசனை அடிக்கும். இந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் ஒருமுறைகூட முழுசாகச் சொன்னதில்லை. நைனா முதல் நாளே “ஆர்க்காடு” என்று சுருக்கிவிட்டார்.

விளைவு, நான் ஆற்காட்டில் படிப்பதாகப் பஜார் முழுக்கப் பேச்சு. ஆரணியைத் தாண்டினால் வருகிற ஆற்காடு. காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். ஒரு கல்யாண வீட்டில் தூரத்துப் பெரியம்மா ஒருவர் அம்மாவைப் பிடித்துக்கொண்டு, தோ இருக்கிற ஆற்காட்டில் படிக்கிற பெண் தீபாவளிக்குக்கூட வீட்டுக்கு வரவில்லையே, ஏதாவது பிரச்னையா என்று விசாரித்திருக்கிறார். ரஷ்யா என்று அம்மா சொல்லியிருக்கிறாள். பெரியம்மா நம்பவில்லை. அம்மா எதையோ மறைக்கிறாள் என்று முடிவு கட்டி, மாப்பிள்ளை வீட்டார் காதில் விழாமல் ஆறுதல் வேறு சொன்னாராம்.

அம்மாவுக்கு ஊர்ப் பெயரில் குழப்பம் இல்லை. அவள் குழப்பம் பனியில்.

ஐப்பசியில் அங்கே முதல் பனி விழுந்தது. “இங்க பனி வுழுதும்மா” என்று ஆசையாகப் போன் செய்து சொன்னேன். தலைக்குத் துண்டு கட்டிக்கொள்ளச் சொன்னாள். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னாள். எட்டு மணிக்கு மேல் வெளியே போ, வெயில் வந்தால் பனி போய்விடும் என்றாள். அவளுக்குத் தெரிந்தது எங்கள் ஊர் மார்கழிப் பனி. விடியற்காலையில் ராஜகிரி மலையை முழுங்கும், எட்டு மணிக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். இந்தப் பனி சித்திரை வரைக்கும் போகாது என்று நான் சொன்னதை அவள் விளையாட்டு என்றே நினைத்தாள். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்த நம் முன்னோர் மேல் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கோபம் உண்டு. அவர்களில் ஒருவராவது ஆர்க்காங்கெல்ஸ்க் போய்வந்திருக்கலாம்.

தார்ப்பாய்க் கடைக்காரரின் வானம்

நைனாவுக்குப் பஜாரில் கயிறு, சாக்கு, தார்ப்பாய்க் கடை. தாத்தா காலத்தில் கயிறும் சாக்கும்தான். தார்ப்பாய் நைனா சேர்த்தது.

தார்ப்பாய் விற்கிறவனுக்கு வானம்தான் முதல் வாடிக்கையாளர் என்பார். விற்பதற்காக நெல்லைக் கொண்டுவந்து வெட்டவெளியில் கொட்டி வைத்திருப்பவர்கள், கடலைக்காயைக் களத்தில் காயப் போட்டவர்கள், எல்லோரும் மழைக்கு அரை மணி முன்னால் ஒரே சமயத்தில் ஓடி வருவார்கள். அவர்கள் வருவதற்குள் நைனா தார்ப்பாய்களை அளவுவாரியாகப் பிரித்து வாசலில் அடுக்கிவிட்டிருப்பார். ராஜகிரி தலையில் மேகம் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரத்தில் மழை. பக்கத்துக் குன்றான கிருஷ்ணகிரி பக்கம் கருத்தால், சும்மா மிரட்டல். இது அவர் கணக்கு. பத்துக்கு ஏழு முறை சரியாக வரும். மீதி மூன்று முறையைப் பற்றி அவரிடம் பேசக் கூடாது.

கடை வாசலில் ஒரு சின்னக் கரும்பலகை தொங்கும். மேலே தார்ப்பாய் அளவுகள். கீழே சாக்பீஸில் அன்றைய செஞ்சி நிலவரம்: “செஞ்சி 36 வெளுப்பு.” “செஞ்சி 29 மூட்டம்.” வெளுப்பு, மூட்டம், தூறல், ஊத்தல். அவர் அகராதியில் இந்த நான்குதான். நான் போன பிறகு இரண்டாவது வரி ஒன்று சேர்ந்தது. ஆர்க்காடு, பக்கத்தில் ஒரு எண், ஒரு சொல். அந்த எண்ணையும் சொல்லையும் தினமும் நான்தான் தர வேண்டும்.

ஆவணி முடிந்து நான் போய்ச் சேர்ந்தபோது அது சுலபமாக இருந்தது. பிர்ச் மரங்கள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன. ஆறு சாம்பல் நிறத்தில், எதிர்க்கரை ஒரு கோடாகத் தெரியும் அகலத்தில், கப்பல்களோடு ஓடிக்கொண்டிருந்தது. பதிமூன்று, வெளுப்பு. ஒன்பது, தூறல். புரட்டாசி முடிய நான்கு, மூட்டம். பிறகு சேறு. எங்கள் ஊரில் சேறு என்றால் ஒரு நாள் மழைக்கு இரண்டு நாள் சேறு. அங்கே மாதக்கணக்கில் சேறு.

கார்த்திகையில் எண்ணுக்கு முன்னால் மைனஸ் வந்தது.

உள்ளே மார்கழி, வெளியே இருட்டு

குளிரைப் பற்றி எல்லோரும் எச்சரித்திருந்தார்கள். குளிர் ஒரு பிரச்னையே இல்லை. ஹாஸ்டல் சுவரோடு வெந்நீர்க் குழாய்கள் ஓடும். உள்ளே எங்கள் ஊர் மார்கழி மதியம்போல் இதமாக இருக்கும். தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் குழாய் மேல் வைத்தால் உருகிவிடும்.

இருட்டைப் பற்றித்தான் யாரும் சொல்லவில்லை.

கார்த்திகை பிற்பாதியில் அங்கே சூரியன் பத்து மணியை ஒட்டி வரும், இரண்டு மணியை ஒட்டிப் போய்விடும். வந்தாலும் மேலே ஏறாது. அடிவானத்தில் குந்தியிருந்துவிட்டு எழுந்து போய்விடும். இருட்டில் வகுப்புக்குப் போய், இருட்டில் திரும்பினேன். பாறை ஊரில் பிறந்தவள் நான். செஞ்சியில் வெயில் போன பிறகும் பாறைகள் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் அனலை விட்டுக்கொண்டே இருக்கும். சூரியனை ஒரு தொல்லையாக மட்டுமே பார்த்துப் பழகியவளுக்கு, அது இல்லாமல் போனால் உடம்பு என்ன செய்யும் என்று தெரியவில்லை.

உடம்பு தூங்கியது. உடற்கூறு வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் கேட்ட கேள்வி புரிந்தது, பதிலும் தெரிந்தது, ரஷ்யச் சொல் வாயில் வரவில்லை. தோற்றேன். மறுநாள் எழுந்திருக்கவில்லை. அதற்கு மறுநாளும். அறைத்தோழி கவிதா சேலத்துப் பெண். ரொட்டியும் டீயும் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிட்டு, என்னை எழுப்பினால் அழுவேன் என்று பயந்து வகுப்புக்குப் போய்விடுவாள். நான் அழவில்லை. அழுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

நைனா போன் வந்தால் மட்டும், படுத்தபடியே எடுத்துப் பேசுவேன். மைனஸ் ஒன்பது என்பேன். மைனஸ் பதினொன்று என்பேன். எல்லாம் குத்துமதிப்பு. வானம் வெளுப்பு என்பேன். நான்கு சொல்லில் அதுதான் சுருக்கமாகப் பேச்சை முடிக்கும்.

ஆத்தாண்ட

அந்தப் பொய்க்கு மறுநாள் ஏன் எழுந்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நைனா திட்டியிருந்தால் எழுந்திருக்க மாட்டேன். தைரியமாக இரு என்று சொல்லியிருந்தால் நிச்சயம் எழுந்திருக்க மாட்டேன். அவர் ஒரு வேலை சொன்னார். வேலை சொன்னால் செய்துவிடுகிற வீடு எங்கள் வீடு.

வெளியே போவதற்கு உடுத்தவே இருபது நிமிஷம். ஹாஸ்டலிலிருந்து ஆற்றங்கரை பத்து நிமிஷ நடை. நடக்கும்போது மூக்குக்குள் ஏதோ குத்தியது. மூக்கு முடி உறைகிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். மூச்சு மப்ளரில் பட்டு வெள்ளையாகப் படிந்தது. இரண்டு முறை கண்ணை இறுக்கி மூடியபோது இமைகள் ஒட்டிக்கொண்டன. காலடியில் பனி கறுக் கறுக்கென்று சத்தம் போட்டது. ஸ்டார்ச் பையைப் பிசைந்தால் வருகிற சத்தம்.

கரையில் போய் நின்றேன். ஆற்றைக் காணோம்.

வெள்ளை மைதானம் ஒன்று இருந்தது. எதிர்க்கரை இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. கீழே துறைமுகத்தில் கிரேன்கள் அசையாமல் நின்றன. தெற்கே அடிவானத்தில் மட்டும் ஒரு விரல் உயரத்துக்கு ரோஸ் நிறம். நடு ஆற்றில் ஓர் ஆள் பெட்டி மேல் உட்கார்ந்து, ஓட்டை போட்டுத் தூண்டில் விட்டிருந்தான். தனியாக, அவசரமில்லாமல், சொந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்துக்கொண்டே போனை எடுத்தேன்.

“நைனா, ஆறு இல்ல,” என்றேன்.

“ஆறு இல்லன்னா?”

“கட்டிப்போச்சு. நடு ஆத்துல ஒருத்தன் உக்காந்துனு இருக்கான்.”

அவருக்குப் பிடிபடவில்லை. எங்கள் சங்கராபரணியில் வருஷத்தில் பெரும்பாலான நாள் நடு ஆற்றில் ஆள் உட்காரலாம், மாடு மேய்க்கலாம், கிரிக்கெட்டும் ஆடலாம். தண்ணீர் வற்றிவிட்டதா என்று கேட்டார். இல்லை, தண்ணீர்தான் கல்லாகிவிட்டது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அடியில் ஓடுகிறதா என்று கேட்டார். அந்த ஆள் ஓட்டையில் தூண்டில் விட்டிருக்கிறானே, ஓடத்தான் வேண்டும் என்றேன். அப்படியானால் அது ஆறுதான் என்று தீர்ப்புச் சொன்னார்.

பிறகு வானம் எப்படி என்று கேட்டார். நிமிர்ந்தேன். அந்த நேரம் பார்த்து விழ ஆரம்பித்தது. மெத்தென்று விழவில்லை. பொடிப்பொடியாக, கோட்டின் மேல் பட்டுச் சத்தத்தோடு உருண்டது.

“இன்னாவோ வுழுது நைனா. ரவ மாதிரி.”

அத்தோடு போன் குளிரில் செத்துப்போனது. அக்குளில் வைத்துச் சூடேற்றி மறுபடி கூப்பிட்டபோது, நைனா பலகையில் எழுதி முடித்திருந்தார்.

அந்தக் குளிர்காலத்தில் நான் கற்ற முதல் பாடம் பனியின் வகைகள். காற்றோடு கடலிலிருந்து வந்தால் ரவை. காற்று ஓய்ந்து, குளிர் கொஞ்சம் குறைந்து, அகலமாக ஆடி ஆடி விழுந்தால் அவல். மைனஸ் முப்பதுக்குப் பக்கத்தில் வானத்திலிருந்து எதுவும் விழாமல், காற்றே மினுமினுக்கும். அதற்கு நைனாவும் நானும் பெயர் வைக்க முடியாமல் பலகையில் “மினுக்கு” என்று எழுதினோம். தினமும் ஆற்றங்கரையிலிருந்து போன் செய்வேன். எண்ணைச் சொல்வதற்குள் அவர் கேட்பார்: “ரவையா, அவலா?”

ஒரு நாள் பலகையில் “ஆர்க்காடு - 18 ரவை” என்று எழுதியிருந்ததைப் பார்த்து, செஞ்சிக்குப் பக்கத்திலிருக்கும் வல்லத்திலிருந்து வந்த அம்மா ஒருவர் கடைக்குள் வந்து இரண்டு கிலோ ரவை கேட்டிருக்கிறார். ஆற்காட்டு ரவை உப்புமாவுக்கு உதிரியாக வருமா என்று சந்தேகம் வேறு. நைனா முகம் மாறாமல், இது கடைச் சரக்கு இல்லையம்மா என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இதை எனக்குப் போனில் சொன்னது அம்மா. சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை சிரிப்பு வந்து நிறுத்தினாள். அன்றிலிருந்து அம்மாவும் பனி என்று சொல்வதை விட்டுவிட்டாள். “உன் ரவ கொட்டுதா?” என்றுதான் கேட்பாள். துண்டு கட்டிக்கொள்ளச் சொல்வதை மட்டும் விடவில்லை.

ஊருக்குத் திரும்பும் முடிவை நான் சொல்லவே இல்லை. ஒரு நாள் கரையில் நின்றபோது அதை எப்போது மறந்தேன் என்றே நினைவில்லை. தோற்ற வாய்மொழித் தேர்வுக்கு மாசியில் மறுபடி போனேன்.

ஆறு உடைகிற வாரம்

இங்கே அக்னி நட்சத்திரம் தொடங்குகிற நாட்களை ஒட்டி அங்கே ஆறு உடையும். இந்தப் பொருத்தத்தை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

அன்று ஊரே கரைக்கு வந்துவிடும். அலுவலகம் போகிறவர்கள் வழியில் நின்றுவிடுவார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டுவார்கள். முதலில் தூரத்தில் இடி. பிறகு அந்த வெள்ளை மைதானம் முழுசாக ஒருமுறை அசையும். வீடு அகலப் பாளங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும், நிமிரும், சரியும். அந்தப் பாளங்களின் ஓரம் பச்சைக் கண்ணாடி நிறம். அதற்கு ஒரு வாசனை உண்டு. நறுக்கிய வெள்ளரிக்காய் வாசனை. நான் போனை ஆற்றை நோக்கி நீட்டிப் பிடிப்பேன். அந்தப் பக்கம் நைனா, நாற்பது டிகிரியில், சாக்குக் கட்டின் மேல் விசிறியோடு அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஆனியில் இருட்டே வராது. குளிர்காலத்தில் வாங்கியதை அந்த ஊர் திருப்பிக் கொடுக்கும். கொசுவையும் சேர்த்துத்தான் கொடுக்கும்.

முதல் விடுமுறையில் செஞ்சி வந்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. நைனாவின் போனில் ஏதோ தேடினேன். முகப்பிலேயே ஆர்க்காங்கெல்ஸ்க். டிகிரி, காற்று, பனிப் படம், எல்லாம். பக்கத்து மருந்துக்கடைக்காரர் நான் விமானம் ஏறிய வாரமே போட்டுக் கொடுத்ததாம். நான் வெளுப்பு என்று சொன்ன அன்று அந்தப் போன் பனி என்று காட்டியிருக்கும். அந்த எட்டு நாளும் காட்டியிருக்கும்.

“நம்பர்தான் உங்கிட்டயே இருக்குதே நைனா. அப்புறம் ஏன் என்ன கேட்ட?” என்றேன்.

“நம்பர் அது சொல்லிடும். ரவையா அவலான்னு அதுக்கு தெரியாது,” என்று சொல்லிவிட்டுக் கயிறு சுற்றப் போய்விட்டார்.

படிப்பு முடிந்து வந்து, இங்கே தேர்வெழுதி, வல்லத்தில் கிளினிக் வைத்துப் பல வருஷம் ஆகிறது. வெயில் தாங்காத சித்திரை மதியங்களில் வீட்டு ஃப்ரீசரைத் திறந்து, சுவரில் படிந்ததை ஸ்பூனால் சுரண்டி உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பேன். ரவைதான். அந்த வெள்ளரி வாசனை மட்டும் எவ்வளவு சுரண்டினாலும் வருவதில்லை. எல்லோரும் வெளியூரில் இருந்துகொண்டு சொந்த ஊர் வெயிலுக்கு ஏங்குவார்கள். நான் சொந்த ஊரில் உட்கார்ந்து ஊரார் குளிருக்கு ஏங்குகிறேன். சொன்னால் சிரிப்பார்கள் என்று இதுவரை நைனாவிடமும் அம்மாவிடமும் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

வல்லத்தில் மழை

போன தை மாதம் அம்மா போய்விட்டாள். ஒரு வாரக் காய்ச்சல். நான் டாக்டர். இதற்கு மேல் இதைப் பற்றி இப்போது எழுத முடியவில்லை.

நைனா கடையைத் திறக்கவில்லை. காரியம் முடியட்டும் என்றார். பிறகு ஆடி போகட்டும் என்றார். பிறகு ஒன்றும் சொல்வதை விட்டுவிட்டார். உள் அறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார். மாத்திரை கொடுத்தால் போட்டுக்கொள்வார். நான் பேசினேன், உறவுகள் வந்து பேசினார்கள், எனக்குத் தெரிந்த மனநல மருத்துவரும் வந்து பேசினார். எல்லோருக்கும் மரியாதையாகத் தலையாட்டினார். மேலே கட்டிப்போயிருந்தது. அடியில் ஓடுகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. ராத்திரி அவர் மூச்சு வருகிறதா என்று கதவருகில் நின்று கேட்கிற நிலைக்கு வந்துவிட்டேன்.

ஐப்பசியில் ஒரு மதியம். கிளினிக்கின் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்த நோயாளி செஞ்சியிலிருந்து பஸ்ஸில் வந்தவர், தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. செஞ்சியில் காலையிலிருந்தே ஊத்தல் என்றார். மணி பார்த்தேன், இரண்டரை. எப்படித் தோன்றியதோ, நைனாவுக்குப் போன் போட்டேன்.

“வானம் எப்பிடி இருக்குது நைனா?”

“வெளுப்பா இருக்குது,” என்றார்.

கூரைச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். அவர் அன்று எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாரோ அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தேன்.

“நாளைக்கு மாடிக்கு போயி பாத்து சொல்லு. ஜன்னல்ல பாக்காத,” என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த போனைக் கையிலேயே பிடித்திருந்தேன். நோயாளி என் நாடியைப் பார்க்கட்டுமா என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

அன்று மாலை வீட்டில் நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் இரண்டரைக்குக் கேட்டேன். மூட்டம் என்றார். மூட்டம் என்று படுத்துக்கொண்டே சொல்லலாம், ஐப்பசியில் அது தப்பாகவும் போகாது. ராஜகிரி தலையில் மேகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

“தெரியல,” என்றார். “பின்னாடி ஊட்டுக்காரன் மேல ஷீட் போட்டுட்டான் போல. மலைய மறைக்குது.”

அந்த ஷீட் போட்டு நான்கு மாதம். படுத்துக்கொண்டு அது தெரிய வாய்ப்பில்லை. மாடிக்குப் போயிருக்கிறார். எங்கே நின்றால் மலை தெரியும் என்று கேட்டேன். கடையாண்ட நின்னா தெரியும் என்றார்.

அதற்கு மறுநாள் இரண்டரைக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. ஐந்து முறை போட்டேன். மனம் போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போனது. காத்திருந்த நோயாளிகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, முதலில் வந்த பஸ்ஸில் ஏறினேன். கால் மணி நேரப் பயணத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். இடமிருந்தது, உட்காரத் தோன்றவில்லை.

பஜாரில் இறங்கி வீட்டுப் பக்கம் திரும்புவதற்குள் பார்த்துவிட்டேன். கடை ஷட்டர் பாதி ஏறியிருந்தது. பலகை தொங்கியது. “செஞ்சி 27 தூறல்” என்று எழுதியிருந்தது. கீழே “ஆர்க்காடு” என்று எழுதி, ஒரு சின்னக் கோடு போட்டு, மீதி இடத்தைக் காலியாக விட்டிருந்தார். நைனா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தூறலில் நின்று ராஜகிரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மாதத் தாடி. நெற்றியில் சாக்பீஸ் தூள்.

போனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்க நினைத்தேன், குரல் உடைந்துவிட்டது. வீட்டிலேயே இருக்கிறது என்றார். ஏதோ யோசித்து, என் தலையிலிருந்த மழைத்துளியை உள்ளங்கையால் துடைத்தார்.

“என் வேலைய எங்கிட்டயே காட்டுற, இல்ல?” என்றார்.

கோணலாகத் தொங்கிய பலகையை நேராக்கினேன்.

“ஆர்க்காடு எத்தினி?”

போனைத் திறந்தேன். நான் திரும்பி வந்து இத்தனை வருஷத்தில் அந்த ஊரை என் போனிலிருந்து எடுத்ததில்லை. மைனஸ் ஒன்று. பனிப் படம்.

“ரவையா, அவலா?”

அதைப் போன் சொல்லாது. கண்ணை மூடினேன். ஐப்பசி, மைனஸ் ஒன்று, ஆறு இன்னும் கட்டியிருக்காது. கரையில் கிரேன் விளக்குகள். காற்று இல்லை என்று போட்டிருக்கிறது. காற்று இல்லையென்றால் ஆடி ஆடித்தான் இறங்கும். தலைக்குத் துண்டு கட்டிக்கொள் என்று அம்மா சொல்வாள்.

“அவல், நைனா.”

நிதானமாக எழுதினார். எழுதி முடித்துச் சாக்பீஸைப் பையில் போடுவதற்குள், குடை பிடித்துக்கொண்டு போன ஒரு பெண் நின்று பலகையைப் படித்தாள். கடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“அவல் இருக்குதாண்ணா?” என்றாள்.

நைனா வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் மாறவே இல்லை.

“வுழுந்துனு இருக்குதும்மா,” என்றார்.